உள்ளே ஆள் இல்லை

கொடைக்கானலிலிருந்து பூம்பாறைக்குப் பஸ்ஸில் போவதாக இருந்தால் டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் உட்காருங்கள் மேடம். கடைசியில் உட்கார்ந்தால் வளைவுக்கு வளைவு குடலைப் பிடுங்கும். முதல் சீட்டில் உட்கார்ந்தால் எதிரே வருகிற வண்டிகளைப் பார்த்தே வயிறு கலங்கிவிடும். செண்பகனூரில் வாடகைக்கு இருந்துகொண்டு தினமும் போய் வந்தவன் நான். ஒவ்வொரு சீட்டிலும் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று எதையும் செய்கிற ஆள் நான் இல்லை. பொன்னுவேல் விஷயத்திலும் அப்படித்தான்.

என்னை யாரும் கூப்பிட்டு அனுப்பவில்லை, நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். இந்த வழக்கில் நீங்கள் அஜயைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறீர்கள். திண்டுக்கல்லிலிருந்து வந்து எங்கள் பூண்டுக் கம்பெனியில் கதவுக்கும் அடுப்புக்கும் வயர் இழுத்துக் கொடுத்த பையன். அவன் அம்மா போன வாரம் என் வீட்டுக்கு வந்து அழுதார்கள். காப்பி போட்டுக் கொடுத்தேன். அந்த அழுகையை என்னால் தாங்கிக்கொள்ள முடிந்தது. தாங்க முடியாதது வேறொன்று. விசாரணை அறிக்கையில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ‘நிர்வாக மென்பொருளின் பகுதிகள் ஒன்றோடொன்று தகவல் பரிமாறிக்கொள்ளாததே மரணத்துக்குக் காரணம்.’ அந்த வரியைப் பார்த்துவிட்டு எங்கள் முதலாளி இராமலிங்கம் எல்லாவற்றையும் கழற்றிச் சாக்கில் கட்டிப் போட்டுவிட்டார். அந்த வரி பொய் மேடம். அதை மாற்றத்தான் வந்தேன்.

நான் கட்டிய அந்த மென்பொருளின் பகுதிகள் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்று தெரிந்தால்தான் நான் சொல்வது விளங்கும். கிளாவரையிலிருந்து ஒரு விவசாயி பூண்டு கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் எடை போட்ட உடனே கொள்முதல் பகுதிக்குத் தெரிந்துவிடும். அது கிடங்கிடம் சொல்லும். கிடங்கு தன்னிடம் எந்தத் தட்டு காலி என்று பார்த்து இடம் ஒதுக்கும். தட்டு நிறைந்தால் புகை ரூமுக்குச் செய்தி போகும். பூண்டு காய்ந்ததும் லாரிக்குப் போகும், லாரி கிளம்பினால் வடுகபட்டி மண்டிக்காரர் போனுக்குப் போகும். ஒருத்தர் இன்னொருத்தரிடம் கத்த வேண்டாம், கேட்க வேண்டாம், மறந்துபோக வழியே இல்லை. முன்பெல்லாம் எங்கள் களத்தில் காலையில் நுழைந்தால் ஒரே கூச்சல். நான் வந்த பிறகு மெஷின் சத்தம் மட்டும்தான் கேட்டது. அந்த அமைதி எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

புகை ரூமைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். மலைப்பூண்டைக் கட்டாகக் கட்டித் தொங்கவிட்டுக் கீழே புகை போடுவது இந்தப் பக்கத்துப் பழக்கம். வீடுகளில் அடுப்புக்கு மேலே செய்வதை நாங்கள் பெரிதாகச் செய்தோம். தகரம் அடித்த சுவர், உள்ளே உத்தரம் வரைக்கும் தட்டுகள், வெளியே விறகு அடுப்பு, குழாய் வழியாகப் புகை உள்ளே போகும். செல்போன் உள்ளே எடுக்காது. அந்தக் கதவில் கார்டு தட்டிவிட்டுத்தான் நுழைய வேண்டும், தட்டிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். தட்டி நுழைந்தால் என் திரையில் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி வரும். புள்ளி ஏதும் இல்லையென்றால் ‘உள்ளே ஆள் இல்லை’ என்று வரும். தட்டும் நிறைந்து, அடுப்பில் விறகும் ஏறி, ஆளும் இல்லை என்றால் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும், அடுப்பு தானாகப் பற்றிக்கொள்ளும். புகை முடிகிறவரை கார்டைத் தட்டினாலும் கதவு திறக்காது.

களத்து ஆட்களுக்கு வேறொரு முறை இருந்தது. விதைப்பூண்டு தொங்குகிற இடத்தில் செருப்புக் காலோடு யாரும் நுழைய மாட்டார்கள். வாசலில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் போவார்கள். ஆகவே வாசலில் செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது, கிடக்கவில்லையென்றால் இல்லை. அடுப்புக்கு விறகு அடுக்குகிற தங்கமுத்து செருப்பு இல்லை என்று பார்த்த பிறகுதான் விறகில் கை வைப்பான். இதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு இடத்தில் இரண்டு முறை இருக்கக் கூடாது. எது உண்மை என்ற குழப்பம் வந்துவிடும்.

பொன்னுவேல் அங்கே மேஸ்திரி. எனக்குப் பதினைந்து வயது மூத்தவர். நான் அண்ணே என்பேன், அவர் தம்பி என்பார். ஆட்களெல்லாம் அவர் சொன்னால்தான் நகர்வார்கள். எல்லோருடைய கார்டையும் வாங்கி மடியில் கட்டிக்கொண்டு காலையில் களத்து வாசலில் நின்று வரிசையாகத் தட்டிவிடுவார், சாயங்காலமும் அதே மாதிரி. புகை ரூம் கதவை ஒரு மரத்துண்டு வைத்துத் திறந்தபடியே விட்டிருப்பார்கள். என் திரையைப் பார்த்தால் உள்ளே ஆள் இல்லை என்று இருக்கும், எட்டிப் பார்த்தால் ஏழெட்டுப் பேர் கட்டுத் திருப்பிக்கொண்டிருப்பார்கள். நான் அஜயிடம் சொல்லிக் கதவிலேயே திறப்பதையும் சாத்துவதையும் கவனிக்கிற ஒரு கருவியை வைத்தேன். மரத்துண்டு வைத்தால் மணி அடிக்கும். அதன் பிறகு கதவை மூடினார்கள், ஆனால் யாராவது ஒருத்தர் தட்டித் திறந்தால் மற்றவர்கள் அவர் பின்னாலேயே நுழைந்துவிடுவார்கள். எனக்கு ராத்தூக்கம் போய்விட்டது மேடம். பொய்க் கணக்கு ஓடுகிற திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் போல வயிற்றெரிச்சல் வேறு கிடையாது.

பொங்கலுக்கு முந்தின வாரம் சடையன் செத்தது. களத்தில் கிடந்த நாய், உடம்பெல்லாம் முடி. குளிருக்கு உள்ளே போய்ப் படுத்திருக்கிறது. நாய்க்குக் கார்டும் கிடையாது, செருப்பும் கிடையாது. கதவு பூட்டிக்கொண்டது, அடுப்பு எரிந்தது. திறந்தபோது வாசலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. தகரத்தைப் பிறாண்டிப் பிறாண்டி முன்கால் நகமெல்லாம் பிய்ந்து, வாயில் இரத்த நுரை. அன்னக்கொடி அழுதுகொண்டே அதன் மேல் சாக்கைப் போட்டார். அன்னக்கொடி பொன்னுவேலின் மனைவி, எங்களிடம் பூண்டு தரம் பிரிக்கிற வேலை. பொன்னுவேல் நேராக என்னிடம் வந்து உள்பக்கம் ஒரு கைப்பிடி வைக்கச் சொன்னார். வைத்தால் புகை கசியும், சீசன் முடியட்டும் என்றேன். அப்போது என் மனதில் ஒன்றும் இல்லை. அந்த ரூம் என்ன செய்யும் என்பது மட்டும் தெரிந்துகொண்டேன்.

அடுத்த மாதம் அன்னக்கொடிக்குச் சம்பளம் குறைந்தது. அவர் கார்டு பல நாள் தட்டப்படவில்லை, பொன்னுவேலே மறந்திருக்கிறார். வருகைப் பகுதி சம்பளப் பகுதியிடம் சொன்னது, அது கழித்துக்கொண்டது. என் கை அதில் படவே இல்லை. அதை விளக்கிச் சொல்ல நான் வெளியே வந்தேன். பொன்னுவேல் மண்வெட்டியை எடுத்துக் களத்து வாசலில் இருந்த கார்டு மெஷினை அடித்தார். மூன்றாவது அடியில் அது பிளந்து வயரோடு தொங்கியது. நான் குறுக்கே போனேன். என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கேரட் கழுவுகிற தொட்டியில் தலையை அமுக்கினார். மண்ணும் தண்ணீரும் மூக்கில் ஏறின. தொட்டி விளிம்பில் இடித்து முன்பல் ஒன்று உடைந்தது, இதோ பாருங்கள். தூக்கி விட்டுவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“ஏலே, வேல செஞ்சவ வயித்துல அடிக்கிற மிசின வச்சுக்கிட்டு நீ என்னலே நாயம் பேசுற. மூச்சு முட்டுனா எப்பிடி இருக்கும்னு இப்பத் தெரியுதா?”

பெண்கள் சிரித்தார்கள். தங்கமுத்துவும் சிரித்தான். அதற்காக நான் இதைச் செய்யவில்லை மேடம், அதை அழுத்திச் சொல்கிறேன். பல் உடைந்ததற்காக ஆளைக் கொல்கிறவன் முரடன். சாயங்காலமே பொன்னுவேல் என்னிடம் வந்து கோபத்தில் கை நீண்டுவிட்டது, மனதில் வைத்துக்கொள்ளாதே என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். நான் தலையாட்டினேன். உடைந்த மெஷினைத் துடைத்து மேஜை மேல் வைத்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

இராமலிங்கம் பழனியிலிருந்து வந்து பஞ்சாயத்து பேசினார். அவர் ஆட்களைப் பகைத்துக்கொள்ள மாட்டார். இந்த சீசன் வரைக்கும் ஓடட்டும், பிறகு இதையெல்லாம் கழற்றிவிடலாம், பொன்னுவேல் பழையபடி பார்த்துக்கொள்வான் என்று என் முன்னாலேயே சொல்லிவிட்டு, எனக்குப் பழனிக் கடையில் ஒரு வேலை தருவதாகவும் சொன்னார். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி நான் வளர்த்தது அது. கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் அதோடுதான் இருந்தேன். அதை ஒரு சாக்கில் போடப் போகிறார்கள்.

யோசித்தேன். கார்டு தட்டாமல் உள்ளே போனால் என்ன ஆகும் என்று இவர்கள் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு சொல்லவே வேண்டியதில்லை. நாய் செத்தது போதவில்லை. தட்டாமல் போய்ச் சாகிறவன் தட்ட வேண்டாம் என்று சொன்னவனாகவே இருந்தால் பொருத்தம். யாரையும் குறை சொல்ல முடியாது. விதியை மதிக்காதவர் விதியால் போனார் என்று ஆகிவிடும். மறுநாளிலிருந்து அத்தனை பேரும் வரிசையில் நின்று தட்டுவார்கள். எத்தனை உயிர் பிழைக்கும் என்றுகூட நினைத்தேன். சிரிக்காதீர்கள், உண்மையாகவே நினைத்தேன்.

அன்றைக்கு நல்ல பனிமூட்டம். மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் தரம் பிரிக்கிற கொட்டகைக்குப் போய்விட்டார்கள். தட்டுகள் நிறைந்திருந்தன. உச்சித் தட்டில் இரண்டு கட்டு சரிந்து கிடக்கிறது, புகை போடுவதற்குள் சரிசெய்துவிட வேண்டும் என்று பொன்னுவேலிடம் சொன்னேன். சரியவில்லை. அவர் வேறு ஆளை அனுப்ப மாட்டார், உச்சித் தட்டு என்றால் அவரேதான் ஏறுவார். விறகுக் கட்டோடு தங்கமுத்து அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தான். பொன்னுவேல் செருப்பைக் கழற்றினார். பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். மடியிலிருந்து தன் கார்டை எடுத்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“தம்பி, இன்னைக்கு நானும் தட்டிட்டுத்தேன் போறேன். ஒங்களயும் அடிச்சு ஒங்க மிசினயும் ஒடச்சது எனக்கே ஒரு மாதிரியாத்தேன் கெடக்கு. இனிமே எல்லாத்தையும் தட்டச் சொல்லிர்றேன், வெசனப்படாதீக.”

தட்டினார், கதவு திறந்தது, உள்ளே போனார். கதவு தானாக மூடிக்கொண்டது.

அப்போது எனக்கு வந்தது எரிச்சல்தான். இத்தனை நாள் தட்டாதவர் அன்றைக்குப் போய்த் தட்டுகிறார். அவர் சொன்னது எனக்குக் கேட்டது, புரியவும் செய்தது. நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது, விட்டிருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். ஆனால் அது அவர் போட்ட பிச்சையாக இருந்தது மேடம். அவர் தட்டச் சொன்னால் தட்டுவார்கள், நாளைக்கு வேண்டாம் என்றால் விட்டுவிடுவார்கள். அப்படி நிற்கிற ஒன்றை நான் கட்டவில்லை.

தங்கமுத்து விறகை இறக்கிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான். வாசலில் கிடந்த செருப்பை எடுத்தேன். இன்னும் சூடாக இருந்தது. கொட்டகைக்குப் பின்னால் பள்ளத்தில் வீசினேன். ஒன்று முள்ளில் மாட்டிக்கொண்டது, இப்போதும் அங்கேதான் தொங்கும், ஆளை அனுப்பிப் பாருங்கள். ஆபீசுக்குள் போய் உட்கார்ந்தேன். தங்கமுத்து திரும்பி வந்து வாசலைப் பார்ப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. செருப்பு இல்லை. மேஸ்திரி வெளியே வந்துவிட்டார் என்று முடிவு செய்து விறகை அடுக்கிவிட்டுச் சாப்பிடக் கொட்டகைக்குப் போனான். அவன் மேல் தப்பே இல்லை. அந்த ஊரில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

என் திரையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி இருந்தது. அதை எடுத்தேன். அதை அழிக்கிற அதிகாரம் எனக்கு மட்டும்தான் உண்டு, அஜய்க்குக் கிடையாது. கதவு பூட்டுகிற சத்தம் கேட்டது. அடுப்பு பற்றியது.

முதலில் அவர் கூப்பிட்டிருப்பார். தகரச் சுவரைத் தாண்டிக் குரல் அவ்வளவாக வராது. பிறகு இடிக்க ஆரம்பித்தார். கையால் இடிப்பதற்கும் கட்டையால் இடிப்பதற்கும் சத்தம் வேறு. தட்டிலிருந்து கட்டையைப் பிடுங்கியிருக்கிறார். ஒரே சீராக இடித்தார், பலசாலி. நான் கேரட் கழுவுகிற மோட்டாரைப் போட்டுவிட்டேன்.

அன்னக்கொடி சாப்பாட்டுத் தூக்கோடு ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்.

“தம்பி, அவுகளப் பாத்தீகளா? சோறு ஆறிப்போய்க் கெடக்கு.”

திரையைத் திருப்பிக் காட்டினேன். உள்ளே ஆள் இல்லை என்று இருந்தது. அவருக்கு அதில் நம்பிக்கை கிடையாது. திரும்பிப் புகை ரூம் வாசலைப் பார்த்தார்.

“செருப்பையும் காணோம். எங்கிட்டோ சோலியாத்தேன் போயிருக்காக போல.” கொஞ்சம் நின்று காது கொடுத்தார். “என்னமோ டொக்கு டொக்குங்குதே?”

மோட்டார் என்றேன். பெல்ட் தளர்ந்திருக்கிறது, மாற்ற வேண்டும் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, பஸ் நிற்கிற இடத்தில் டீ குடித்துக்கொண்டிருப்பார், வெரசாப் போனால் பிடித்துவிடலாம் என்று முணுமுணுத்துக்கொண்டே தூக்கோடு போனார். அவர் முதுகுக்குப் பின்னால் பத்தடியில் அவர் புருஷன் இடித்துக்கொண்டிருந்தார். மோட்டார் சத்தத்துக்கு அடியில் அது கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு விட்டு விட்டுக் கேட்டது. பிறகு மோட்டார் மட்டும்தான். மோட்டாரை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

புகை முடிந்து கதவு திறந்தபோது நானும் எல்லோரோடும் நின்றேன். அதை நீங்கள் படத்தில் பார்த்திருக்கிறீர்கள், நான் நேரில் பார்த்தேன். தட்டுகளில் பாதி சரிந்து, பூண்டுக் கட்டுகள் அறுந்து தரையெல்லாம் கிடந்தன. அவர் கதவுக்குக் கீழே குப்புறக் கிடந்தார். கதவுக்கும் தரைக்கும் நடுவில் உள்ள சந்தில் வாயை வைத்து மூச்சு வாங்கப் பார்த்திருக்கிறார். உதடு கிழிந்து தகர விளிம்பில் ஒட்டியிருந்தது. வலது கை விரல்கள் முறிந்து ஒவ்வொன்றும் ஒரு பக்கம் திரும்பியிருந்தன. இடது கை நகங்களில் மூன்று தகரத்தில் பதிந்திருந்தன. அன்னக்கொடி கீழே உட்கார்ந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாக நேராக்கப் பார்த்தார். அவை நேராகவில்லை.

என் கணக்கு அங்கேதான் தப்பியது. கார்டு தட்டாமல் போனார், அதனால் செத்தார் என்று எல்லோரும் சொல்வார்கள் என்றுதான் எதிர்பார்த்தேன். தங்கமுத்து குறுக்கே வந்துவிட்டான். மேஸ்திரி தட்டியதைத் தன் கண்ணால் பார்த்ததாக உங்களிடம் சொன்னான். தட்டியவர் பெயர் மெஷினில் இல்லை, அப்படியானால் மெஷின்தான் விழுங்கிவிட்டது என்று நீங்கள் முடிவுகட்டினீர்கள். என்னை ஒரு வார்த்தை சந்தேகமாகக் கேட்கவில்லை. நான் தொட்டியில் அடி வாங்கியவன், பரிதாபப்பட்டீர்கள். கயிறு விழ வேண்டியது என் கழுத்தில், விழுந்தது அதன் மேல். ஆட்கள் கல்லைத் தூக்கி அதன் திரையை உடைத்தார்கள். கொலைகாரப் பெட்டி என்று பூம்பாறைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். மற்ற கம்பெனிக்காரர்களும் பயந்துபோய் அவரவர் களத்தில் கழற்றுகிறார்களாம்.

அதனால் நடந்தது என்னவென்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பச்சைப் புள்ளியை எடுத்தேன் என்று சொன்னேன் அல்லவா, அது அவ்வளவு சுலபமாக எடுபடவில்லை. நான் அழிக்கச் சொன்னதும் வருகைப் பகுதி கதவிடம் கேட்டது. ‘அவர் உள்ளே போன பிறகு நான் திறக்கவே இல்லை’ என்று கதவு சொன்னது. உடனே அடுப்பு பற்ற மறுத்துவிட்டது. மூன்றும் சேர்ந்து திரையில் சிவப்பாக ஒரு வரி போட்டன: ‘பொன்னுவேல் இன்னும் உள்ளே இருக்கிறார். அழிக்கலாமா?’ ஆம் என்று தட்டினேன். அது நம்பவில்லை. உள்ளே போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டது. ஆம் என்று தட்டினேன். உங்கள் கடவுச்சொல்லை மறுபடி போடுங்கள் என்றது. போட்டேன். அதன் பிறகுதான், வேறு வழியில்லாமல்தான், கதவைப் பூட்டியது.

ஆகவே ஒன்றோடொன்று பேசவில்லை என்பது பொய். அந்தக் களத்தில் அந்த மனிதருக்காகக் கடைசிவரை வாதாடியது அது ஒன்றுதான். எழுதிக்கொள்ளுங்கள் மேடம்: அது தடுத்தது, பொன்னுவேலை நான்தான் கொன்றேன். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். இதைப் படித்துவிட்டு, வருகிற சீசனுக்காவது அதை மறுபடி மாட்டுவார்களா என்று முதலாளியிடம் கேட்டுச் சொல்லுங்கள்.